லயத்துக் கூறைச்சேலை

பேச்சியம்மாளுக்கு அந்தச் சேலையைக் கண்டாலே அலுப்பு. பட்டுச் சேலையைக் கண்டு அலுத்துக்கொள்கிற பெண்பிள்ளை உலகத்தில் உண்டா என்று கேட்பீர்கள். பத்து வருஷம் அடுத்தவர்கள் சேலையைக் காவல் காத்துப் பாருங்கள், தெரியும்.

சிங்கப்பூருக்கு வடக்கே, குளுவாங்கிலிருந்து ரெங்கம் போகிற வழியில் இருந்த அந்தக் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டுச் சேலை இருந்தது. அரக்கு நிறம். இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குச் சரிகைக் கரை, முந்தியில் முழம் நீளத்துக்குச் சரிகை. கும்பகோணத்துப் பக்கம் கைத்தறியில் நெய்தது என்று துணிமூட்டைக்காரர் சொன்னார். அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்றுதான் உண்மை என்பாள் பேச்சியம்மாளின் தோழி கருப்பாயி.

ஊரில் கூறைப்புடவை எடுத்து வருவது மாப்பிள்ளை வீட்டார் கடமை. இங்கே மாப்பிள்ளைக்கு வீடு எங்கே இருந்தது? கப்பலில் ஏறி வந்த ஒற்றை ஆள், கையில் ஒரு தகரப் பெட்டி. அவன் எங்கே போய்ப் பட்டு எடுப்பான்? பெண்கள் பருத்திச் சேலை ஓரத்தில் மஞ்சளைத் தடவிக் கட்டிக்கொண்டு தாலிக்குக் கழுத்தை நீட்டினார்கள். கருப்பாயிதான் தனக்கும் மணியத்துக்கும் கல்யாணம் பேசி முடிந்ததும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். "இன்னிக்கி எனக்கு, நாளைக்கி உம் மவளுக்கு" என்று வீடு வீடாய்ப் பேசிப் பேசி, எல்லாரிடமும் காசு வாங்கிச் சேர்த்து அந்தச் சேலையை எடுத்தாள். முதலில் கட்டியவளும் அவள்தான்.

யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் நாணயக்காரி, பொறுப்பானவள் என்பதெல்லாம் பிற்பாடு சொல்லிக்கொண்டது. உண்மையில் அவள் வீடு லயத்தின் கடைசி வீடு. பால் உறைய ஊற்றுகிற திராவக நாற்றமும், ரப்பர் ஷீட்டைக் காயப்போடுகிற புகைக் கொட்டகையின் புகையும் அவ்வளவாக எட்டாத வீடு. சரிகை என்பது வெள்ளிக் கம்பிதானே, அந்தக் காற்றுப் பட்டாலே கறுத்துவிடும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். மேட்டு லயத்தில் அந்த ஆண்டி வேலை பேச்சியம்மாளுக்கு வந்து வாய்த்தது.

பெட்டியில் போட்டு மூடிவைத்தால் தீர்ந்துவிடுகிற வேலையா அது? அடைமழை விட்டதும் வெளியே எடுத்து, வெயில் படாமல், வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி ஆறவிட வேண்டும். மாதாமாதம் பழைய மடிப்பைப் பிரித்து வேறு மாதிரி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே ஒடிந்துபோகும். தகரப் பெட்டியின் துரு ஏறாமல் பழைய வேட்டியில் சுற்றி, பூச்சி அண்டாமல் வசம்புத் துண்டு போட வேண்டும். தண்ணீர் காட்டவே கூடாது. எண்ணெய்க் கறை பட்டால் திருநீற்றைத் தூவி, அது எண்ணெயைக் குடித்த பிறகு உதற வேண்டும். போதாததற்கு அவள் கை வேறு. இருட்டு பிரியும் முன்னே உளி பிடித்துப் பால்மரம் சீவுகிற கை அது. உள்ளங்கை சொரசொரத்துப் போய், பட்டைத் தொட்டால் இழை மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, தவிட்டால் துடைத்து, அதற்கப்புறம்தான் பெட்டிப் பூட்டையே தொடுவாள். மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்து, இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வந்த பிறகு இத்தனையும்.

கல்யாணம் வந்தால் இன்னும் சள்ளை. பெண்ணுக்குக் கட்டிவிடுவதும் அவள்தான். நெட்டைப் பெண்ணாக இருந்தால் கொசுவத்தைக் குறைப்பாள். குட்டையாக இருந்தால் இடுப்பில் ஒரு மடிப்பை உள்ளே வாங்கி, கரை கணுக்காலில் நேராக நிற்கும்படி இழுத்துவிடுவாள். ஏதோ ஒரு கல்யாணத்தில் ஆலத்தித் தண்ணீர் தெறித்துக் கறுத்துப்போன ஒரு விரற்கடை இடம் உண்டு. அது கொசுவத்தின் உள்மடிப்புக்குள் போய்விடும். தாலி ஏறிப் பந்தி முடிந்ததும் பெண் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "கழட்டிக் குடுத்தாத்தான் நகருவேன்." ஒரு பொழுது முழுக்க அந்தச் சேலையில் இருக்க எந்தப் பெண்ணுக்கும் கொடுத்துவைத்ததில்லை. அவளை எமன் என்று திட்டிய பெண்கள் உண்டு. திட்டட்டும் என்று விட்டுவிடுவாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவள் மட்டும் ஒரு நாளும் அதைக் கட்டியதில்லை. சேலை வருவதற்கு முன்பே அவள் கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது. "ஒரே ஒரு தடவ கட்டிப் பாருக்கா, யாருக்குத் தெரியப்போவுது" என்று கருப்பாயி மட்டும் ஆசை காட்டுவாள். "எனக்குத் தெரியுமே" என்பாள் இவள். கருப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சேலைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கல்யாணத்துக்கு மட்டும். சுமங்கலியாய்ச் செத்தவளைக் கூறைப்புடவை உடுத்தி எடுப்பது ஊர் வழக்கம். கூறை அவளுடைய சொந்தமாய் இருந்தால் சரி. இது லயத்துக் கூறை. ஒரு பிணத்துக்கு உடுத்திவிட்டால் அப்புறம் எந்தத் தாய் அதைத் தன் மகளுக்குக் கட்டச் சம்மதிப்பாள்? முன்பு காளியம்மா பிரசவத்தில் போனபோது அவள் ஆத்தா வந்து பேச்சியம்மாள் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பேச்சியம்மாள் இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு சோறு இறங்காமல் பாயில் கிடந்தாள். கருப்பாயிதான் பக்கத்தில் உட்கார்ந்து, மிரட்டி, கஞ்சியைக் குடிக்கவைத்தாள்.

இப்போது கருப்பாயியே போய்விட்டாள். காட்டுக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கொயினா மாத்திரை கொடுத்தார்கள், விட்டது, மறுபடி வந்தது. ஒரு திங்கட்கிழமை, நிறுவைக் கொட்டகையில் பால்வாளியை இறக்கும்போது சேதி வந்தது.

பேச்சியம்மாள் பாலை ஊற்றினாள். வாளியைக் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் மனசில் முதலில் வந்தது அழுகை இல்லை. சேலைதான் வந்தது. ஒரே கப்பலில், ஒரே மூலையில், ஒரே சட்டியில் தின்றுகொண்டு வந்தவள் செத்துக் கிடக்கிறாள், புத்தி பெட்டிச் சாவிக்குப் போகிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

லயத்துக்கு ஏறுகிற பாதையில் வெள்ளையம்மா காத்துக்கொண்டு நின்றாள். அவள் மகள் புஷ்பவள்ளிக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை ரெங்கத்துக்காரன்.

"பேச்சி, சொல்றேன்னு கோவிச்சுக்காத. சேல பத்திரம்."

"கருப்பாயி இன்னும் வீட்டுல கெடக்கா வெள்ளையம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன். எனக்கு மட்டும் வயிறு எரியலயா? ஆனா அவள அதுல சுத்திட்டீன்னா எம் மவ எதக் கட்டிக்கிட்டு மணையில ஒக்காருவா? மணியம் வந்து கேப்பான். பொண்டாட்டிய பறிகுடுத்தவன், கேக்காம இருப்பானா? நீதான் நெஞ்சக் கல்லாக்கிக்கணும்."

"அது எனக்கென்ன புதுசா," என்றாள் பேச்சியம்மாள்.

வீட்டுக்கு வந்தவள் எண்ணெய் தேய்க்கவில்லை, பெட்டியைத் திறக்கவும் இல்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கொடுத்தால் என்ன? கருப்பாயி இல்லாவிட்டால் இந்தச் சேலையே கிடையாது. கொடுத்தால், புஷ்பவள்ளி அரைக்காசுப் பருத்தியில் மணையேறுவாள். காளியம்மாவின் ஆத்தா எதிர் வரிசையிலிருந்து வந்து முகத்துக்கு நேரே நின்று, என் மகளுக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எப்படி என்று கேட்பாள். கேட்டால் என்ன பதில் இருக்கிறது? எவ்வளவு யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. கொடுக்க முடியாது.

"தம்பி, அது எஞ் சேல இல்ல. லயத்துச் சேல" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னாள். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. மணியம் தன் முன்னால் வந்து நிற்பதையும், தான் இதைச் சொல்வதையும் நினைத்ததும் பெட்டியை விட்டு எழுந்தாள். கேட்காமல் இருந்துவிட வேண்டும், மாரியாத்தா, அவன் மட்டும் கேட்காமல் இருந்துவிட வேண்டும் என்று கும்பிட்டாள். உயிர்த் தோழி செத்த அன்றைக்கு அவள் சாமியிடம் கேட்டது இதைத்தான்.

குளிப்பாட்டப் பெண்கள் கூடியபோது பேச்சியம்மாள்தான் தலைமாட்டில் நின்றாள். மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள், குளுவாங் கடையிலிருந்து அவசரமாய் வாங்கி வந்த பருத்திச் சேலையைப் பிரித்தாள். மஞ்சள் உடல், சிவப்புக் கரை, கஞ்சி மொடமொடப்பு. கொசுவம் வைத்தால் நிற்காமல் விறைத்துக்கொண்டு விரிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இடுப்பில் பட்டைக் கட்டிவிட்டபோது கருப்பாயி கூச்சத்தில் நெளிந்து நெளிந்து, கொசுவத்தை மூன்று முறை அவிழ்த்துக் கட்டவைத்தாள். இன்றைக்கு அசையாமல் கிடந்தாள். அப்படியும் கரை கோணலாகத்தான் நின்றது. பேச்சியம்மாளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

வாசலில் மணியம் வந்து நின்றான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் கருப்பாயியைப் பார்த்தான், அந்தப் பருத்திச் சேலையைப் பார்த்தான், பிறகு பேச்சியம்மாளைப் பார்த்தான்.

"அக்கா..."

தம்பி, அது எஞ் சேல இல்ல. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"சூடம் இருக்கா ஒன் வீட்டுல?"

"இருக்கு தம்பி. எறவாணத்துல டப்பாவுல இருக்கு, எடுத்துக்க."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். பேச்சியம்மாள் குனிந்து கோணல் கரையை இன்னொரு முறை இழுத்துவிட்டாள். கேட்கவில்லை. நல்லவேளை, கேட்கவில்லை. மகராசன், அவனுக்கே லயத்துக் கட்டுப்பாடு தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேட்காததை எப்படிக் கொடுப்பது என்று அன்றைக்குத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். கருப்பாயியை அந்த மஞ்சள் பருத்தியிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் வேலைதான். துரைக்குப் பால் வேண்டும், மரத்துக்குச் சாவுத் தீட்டு தெரியாது. பேச்சியம்மாள் விடியுமுன் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்தாள், மரம் சீவினாள், வந்தாள். பக்கத்து நிரையில் கருப்பாயி இல்லாமல் காடு நீளமாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கையைத் தவிட்டால் துடைத்துக்கொண்டு சேலையை எடுத்தாள். நிழலில் ஆறவிட்டாள். மடித்து, வேட்டியில் சுற்றி, சுருக்கம் நீங்குவதற்காகத் தான் படுக்கிற பாய்க்கு அடியில் வைத்தாள். அதன்மேல் படுத்துத் தூங்கவும் தூங்கினாள். தூக்கம் வராமல் தவித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தோட்டத்தில் உழைத்தவளுக்குத் தலை சாய்ந்தால் தூக்கம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் மூட்டையைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெள்ளையம்மா வீட்டுக்குப் போனாள். வாசலில் தென்னங்குருத்துத் தோரணம். உள்ளே புஷ்பவள்ளி தலைக்கு ஊற்றி ஈரமுடியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே வெற்றிலைத் தட்டில் ஒரு புடவை இருந்தது. கத்தரிப்பூ நிறம். சரிகை கண்ணைக் குத்துகிற மாதிரி பளபளவென்று மின்னியது.

பேச்சியம்மாள் புடவையைப் பார்த்தாள். வெள்ளையம்மாவைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையோட அண்ணன் சிங்கப்பூர்ல வேல பாக்குறாருல்ல, அவரு எடுத்தாந்தாரு," என்றாள் வெள்ளையம்மா. குரலில் பாதி வெட்கம், பாதி பெருமை. "மாப்ள வீட்டுக் கூறையத்தான் கட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"எப்ப சொன்னாங்க?"

"ஆங்?"

"எடுத்தாறோம்னு ஒனக்கு எப்பச் சொன்னாங்க வெள்ளையம்மா?"

வெள்ளையம்மா வெற்றிலையை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைக் கலைத்து அடுக்கினாள். "சொல்லி அனுப்புனாங்க... கருப்பாயி படுத்த படுக்கையா இருந்தாளே, அப்ப. ஆனா மாப்ள வீட்டுப் பேச்ச நம்பிக்கிட்டு இருக்க முடியுமா? எரவல் சேலைய நம்பி இடுப்புச் சேலைய எறிஞ்ச கதையாயிறக் கூடாதுல்ல. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னுதான்."

கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். பேச்சியம்மாளிடம் அது இல்லை.

"வந்தது வந்துட்ட, நீயே கட்டிவிட்டுரு பேச்சி. ஒங் கைக்குத்தான் கொசுவம் நிக்கும்."

மூட்டையை ஒரு மூலையில் வைத்துவிட்டுக் கட்டிவிட்டாள். மிஷினில் ஓட்டின துணி, விரலில் நிற்காமல் வழுக்கியது. சொரசொரத்த உள்ளங்கையில் ஒரு இழைகூட மாட்டவில்லை. இந்தச் சரிகை கறுக்கவே கறுக்காதாம், சோப்புப் போட்டே துவைக்கலாமாம் என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் கரையை நேராக இழுத்துவிட்டாள், முந்தியை விசிறி மடிப்பாக எடுத்து இடுப்பில் செருகினாள். புஷ்பவள்ளி அழகாகத்தான் இருந்தாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? "நல்லா இரு தாயி" என்று நெட்டி முறித்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கெட்டிமேளம் கேட்கும்போது அவள் பாதி வழியில் இருந்தாள்.

தன் வீட்டுக்குத்தான் கிளம்பினாள். கால் மணியம் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. தீட்டுக்காரன் கல்யாணத்துக்குப் போக முடியாது. தாடி முளைத்த முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து பலகையை நகர்த்திப் போட்டான்.

"என்னக்கா, அதுக்குள்ள கழட்டி வாங்கிட்டியா?"

"கட்டவே இல்ல தம்பி. அவுங்களே புதுசு கொண்டாந்துட்டாங்க."

மணியம் கிழங்கை உரிப்பதை நிறுத்தினான். மூட்டையைப் பார்த்தான். பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தான். தோல் நீளமாகச் சுருண்டு விழுந்தது. பேச்சியம்மாளுக்கு அவன் வாயாலேயே, எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லையே அக்கா என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அதற்காகத்தான் கேட்டாள்.

"தம்பி, அன்னிக்கி நீ எங்கிட்ட சேலையக் கேக்கவே இல்லயே. ஏம்ப்பா?"

"கேக்கத்தான் வந்தேங்க்கா," என்றான். "வாசல் வரைக்கும் வந்துட்டேன். அந்த மஞ்சச் சேலையில அவளப் பாத்ததும் வாயத் தொறந்துட்டேன்கூட. அப்புறம் அவ வாங்குன சத்தியம் நெனப்பு வந்துச்சு. சூடம் கேட்டுட்டுப் போயிட்டேன்."

"என்ன சத்தியம்?"

"காய்ச்ச விட்டிருந்தப்ப ஒரு நாளு சொன்னா. 'நாஞ் செத்தா பேச்சி அக்காகிட்ட சேலையக் கேக்காத. காளியம்மாவுக்கு இல்லன்னு சொல்லிட்டு அது பட்ட பாட்ட நான் பாத்தேன். எனக்குன்னு கேட்டா அது வாயில இல்லன்னு வராது, தூக்கிக் குடுத்துரும். குடுத்துட்டா இந்த லயத்துல அது தல காட்ட முடியாது, ஆளாளுக்குக் கொத்திப் புடுங்கிருவாளுவ. எனக்கு என்னத்தக் கட்டுனா என்ன, அக்காவ மாட்டிவிட்டுறாத'ன்னா. எந் தலமேல கை வச்சுச் சத்தியம் வாங்குனா."

பேச்சியம்மாள் மடியில் இருந்த மூட்டையை இறுக்கிப் பிடித்தாள். எண்ணெய் தேய்க்காத கை. வேட்டியின் ஓரத்தில் எட்டிப் பார்த்த சரிகையில் விரல் உரசியது, எடுக்கத் தோன்றவில்லை. கருப்பாயி, கருப்பாயி என்று உள்ளே கத்தினாள். வெளியே மூச்சுத்தான் வந்தது. தூரத்தில் பந்திக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

மணியம் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் கேட்டது, ராத்திரி எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டு, கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்த கேள்வி மாதிரி இருந்தது.

"சத்தியத்த மீறிக் கேட்டிருந்தேன்னா, குடுத்திருப்பதானேக்கா?"

பேச்சியம்மாள் அவனைப் பார்த்தாள். தூக்கம் இல்லாத கண். அவன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"குடுத்திருப்பேன் தம்பி," என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தான்.

"அதத்தான் அவளும் சொன்னா," என்றான்.